ஹார்ட் டிஸ்க் விட்டுவிட்டு கனெக்ட் ஆகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு நாள் இரவு சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, ஹார்ட் டிஸ்க்க செருகினா ஃபார்மேட் பண்ணச் சொல்லுது. பண்ணிடட்டுமா?" அவன் அக்கா கல்யாணப் படங்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் பிரதி கிடையாது. "எதையும் தொடாத, கழட்டி வை, காலையில வர்றேன்" என்றேன். மறுநாள் போய்ப் பார்த்தால் டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. கேபிள்தான் கெட்டிருந்தது.

'பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் சொல்வதற்கு டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. டிஸ்கின் தொடக்கத்தில் இருக்கும் விவரங்களை அதனால் சரியாகப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். பாதியில் அறுந்து அறுந்து வரும் இணைப்பில் இது சாதாரணமாக நடக்கும். அந்த நேரத்தில் ஃபார்மேட் கொடுத்தால், நன்றாக இருக்கும் கோப்புகளை நாமே தொலைத்ததாகிவிடும். கேன்சல் கொடுங்கள்.

இதைவிடக் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு, உடனே செக்டிஸ்க் ஓட்டுவது. டிஸ்கில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க விண்டோஸிலேயே இருக்கும் கருவி அது. கோளாறைச் சரிசெய்யச் சொல்லி அதை ஓட்டினால் அது வெறுமனே படித்துப் பார்ப்பதோடு நிற்காது, டிஸ்கில் எழுதவும் செய்யும். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் சின்னக் கோளாறு பெரிதாகிவிடும். டிஸ்கே உள்ளுக்குள் பழுதாகிக்கொண்டிருந்தால், மணிக்கணக்கில் ஓடும் அந்தச் சோதனை அதன் மிச்ச உயிரையும் வாங்கிவிடலாம். முதலில் இணைப்பை நிலைப்படுத்துங்கள், அடுத்து கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள், அதற்கு அப்புறம்தான் செக்டிஸ்க்.

சரி, கேபிளுக்கு வருவோம். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கிறது என்று கேபிளை நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பெரும்பாலான ஹார்ட் டிஸ்குகளில் இருக்கும் அந்த அகலமான, தட்டையான முனையை உற்றுப் பாருங்கள். ஒரே முனையில் இரண்டு பகுதிகள் ஒட்டியிருக்கும். பெரிய பகுதியில் ஐந்து பின்கள், இது பழைய யுஎஸ்பி 2.0. பக்கத்துச் சின்னப் பகுதியில் இன்னும் ஐந்து, அவை 3.0 வேகத்துக்கு. முனை கொஞ்சம் தளர்ந்தாலே சின்னப் பகுதி தொட்டும் தொடாமலும் நிற்கும். அப்போது டிஸ்க் 3.0-க்கும் 2.0-க்கும் மாறி மாறித் தாவும், அல்லது இணைப்பே போய்விடும். நொடிக்கு 100 எம்பி வரை நகலாகிக்கொண்டிருந்தது திடீரென்று 30, 35 எம்பிக்கு இறங்கி அங்கேயே நின்றால் இதைச் சந்தேகியுங்கள்.

சோதிப்பது எளிது. டிஸ்கை மேசையில் வைத்து, எதையும் நகலெடுக்காத நேரத்தில், முனையை விரலால் லேசாக மேலும் கீழும் தொட்டுப் பாருங்கள். லேப்டாப்பிலிருந்து இணைப்பு போய் வரும் அந்த 'டிங் டங்' சத்தம் கேட்டால் கேபிளோ, டிஸ்கில் இருக்கும் துளையோ தளர்ந்திருக்கிறது. வேறு கேபிள் கையில் இல்லையா? பழைய போன்களின் மைக்ரோ யுஎஸ்பி கேபிள் அந்தப் பெரிய பகுதியில் சரியாகப் பொருந்தும். வேகம் குறைவாக இருக்கும், ஆனால் பல நேரம் அறுந்துபோகாமல் ஓடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளாக இருக்கக்கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டைப்-சி வகை டிஸ்க் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: போன் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிள்களில் பல 2.0 வேகத்தைத் தாண்டாது.

அடுத்தது மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தரும், 3.0 போர்ட் 900 வரை. உள்ளே சுழலும் தட்டு உள்ள டிஸ்க், ஓட ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் கேட்கலாம். இந்த நிலையில், தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் பெட்டி) மவுஸ், பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் செருகினால் ஒரே போர்ட்டின் மின்சாரத்தை எல்லாம் பங்கு போட வேண்டும். டிஸ்க் சுழல முயன்று, போதாமல் நின்று, மறுபடி முயலும். நீட்டிப்புக் கேபிளும் அதே வம்புதான். டிஸ்கை நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள். ஹப் கட்டாயம் வேண்டுமென்றால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள்.

சும்மா வைத்திருந்து பத்து நிமிடம் கழித்துத் தொட்டால் மட்டும் டிஸ்க் காணாமல் போகிறதென்றால், விண்டோஸின் மின்சேமிப்பைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சில லேப்டாப்களில் அந்தப் பகுதி தெரியாது.

கேபிளா டிஸ்கா என்று இன்னும் குழப்பமாக இருந்தால், நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து பாருங்கள். 'டிஸ்க்' என்ற பெயரில் 157 என்ற எண் இருந்தால் டிஸ்க் திடீரென்று கழன்றுபோனதாக அர்த்தம். இணைப்பு, மின்சாரம் பக்கம் தேடலாம். 7 என்ற எண் இருந்தால் டிஸ்கில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. இதைப் பார்க்காமலே புது டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் உண்டு, பழசு கெட்டது தெரியாமல் மாதக்கணக்கில் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டிஸ்கிலிருந்து ஒரே தாளத்தில் 'டிக்… டிக்…' என்று சத்தம் வந்தால், கேபிளையும் போர்ட்டையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அப்போதும் வந்தால் நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள், தட்டாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தூசியைக்கூடத் தாங்காது. அதில் உள்ளவை வேண்டும் என்றால் தரவு மீட்பு செய்பவர்களிடம் கொடுப்பதே வழி.

சித்தி மகனுடைய டிஸ்கில் அந்தச் சத்தம் இல்லை. என் பழைய போன் கேபிளைப் போட்டோம். 300 ஜிபி நகலாக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒருமுறைகூட அறுபடவில்லை. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, முகூர்த்தப் படங்கள் வரை சரியாக இருக்கின்றனவா என்று சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாளே புதுக் கேபிள் வாங்கினான். கெட்ட கேபிளைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டித்தான் குப்பையில் போட்டேன். அப்படியே விட்டால் யாராவது எடுத்து மறுபடி மேசை டிராயரில் வைத்துவிடுவார்கள்.