ராத்திரியெல்லாம் முழிக்கிற குழந்தையும் "பால் பத்தலையோ?"ங்குற கேள்வியும்

குழந்தை ராத்திரி நாலு தடவ எந்திரிச்சா போதும், யாராவது ஒருத்தர் "பால் பத்தலையோ?"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. அக்கறையிலதான் கேப்பாங்க, ஆனா தூக்கமே இல்லாம இருக்கற அம்மாவுக்கு அது சுருக்குன்னு தைக்கும். தூக்கத்த வச்சு பால் போதுதா இல்லையான்னு சொல்லவே முடியாதுங்க, அதுக்கு வேற கணக்கு இருக்கு.

டயப்பர எண்ணுங்க. பிறந்து அஞ்சு நாள் தாண்டிட்டா 24 மணி நேரத்துல 6 தடவையாவது நல்லா நனைஞ்சிருக்கணும், ஒண்ணுக்கு வெளிறின கலர்ல இருக்கணும். மோஷன் மொத ரெண்டு நாள் கருப்பா பிசுபிசுன்னு போய் அஞ்சாவது நாள் வாக்குல மஞ்சளுக்கு மாறிடும். அடுத்தது எடை. மொத சில நாள் எடை கொஞ்சம் குறையறது சகஜம்தான், 10 சதவீதத்த நெருங்குச்சுன்னா டாக்டர்ட்ட காட்டணும், மத்தபடி ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடைக்கு திரும்பிடணும். இது ரெண்டும் சரியா இருந்தா பால் போதுது, அவ்வளவுதான். மார்பு முன்ன மாதிரி கட்டிக்கல, பம்ப்ல கொஞ்சம்தான் வந்துச்சு, குடிச்சு முடிச்சும் அழுவுறான், இதெல்லாம் கணக்குலயே வராது. நல்லா உறிஞ்சற குழந்தை எடுக்கற அளவுக்கு பம்ப் பல நேரம் எடுக்காது.

அப்ப ஏன் முழிக்குதுன்னா, வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரிச்சிடும், பகல் எது ராத்திரி எதுன்னு உடம்புக்கு புரியவே மூணு மாசம் கிட்ட ஆகும். ஒரு நாளைக்கு 8லேர்ந்து 12 தடவ குடிக்கறது நார்மல். பால் சுரக்க வைக்கிற ப்ரோலாக்டின் ராத்திரிதான் அதிகமா இருக்கும், மார்பு காலியாக காலியாகத்தான் அடுத்த பால் வேகமா ஊறும், அதனால ஆரம்ப வாரங்கள்ல "நீ தூங்கு, ராத்திரி பாட்டில் குடுத்துக்கலாம்"னு தினமும் பண்ணா அந்த நேரத்துக்கு பம்ப்பாவது பண்ணணும், இல்லன்னா நெஜமாவே பால் குறைய ஆரம்பிச்சிரும். சாயங்காலம் ஆனா சில குழந்தைங்க மணிக்கணக்கா விட்டு விட்டு குடிச்சிட்டே இருக்கும், அதயும் பத்தலன்னு நெனச்சுக்காதீங்க.

குழந்தை மார்ப வாயில பிடிக்கற விதத்த மட்டும் பொறுமையா பாருங்க, பாதி பிரச்சனை அங்கதான். அழுக ஆரம்பிச்சாதான் பசின்னு இல்ல, தலைய திருப்பி வாய தேடறப்பவே, கைய வாயில வைக்கறப்பவே குழந்தைய எடுத்து பால் குடுங்க, அழுதுட்டா சரியா பிடிக்காது. குழந்தையோட வயிறு உங்க வயித்த ஒட்டி இருக்கணும், மூக்குக்கு நேரா காம்பு, வாய பெருசா தொறக்கற நொடியில சட்டுன்னு கிட்ட இழுத்துக்கணும், நீங்க குனியக்கூடாது (முதுகு போயிரும்). காம்பு மட்டும் இல்லாம சுத்தி இருக்கற கருப்பு பகுதியும், அதுலயும் கீழ்ப்பக்கம் அதிகமா, வாய்க்குள்ள போகணும், தாடை மார்புல பதியணும். மொதல்ல வேக வேகமா உறிஞ்சும், பால் இறங்குனதும் நிதானமாகி முழுங்கற சத்தம் லேசா கேக்கும். வெளிய எடுக்கறப்ப காம்பு லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் நசுங்கி இருந்தா பிடி சரியில்லன்னு அர்த்தம், சுண்டு விரல வாயோரமா விட்டு எடுத்துட்டு மறுபடி வைங்க. வலிய பல்ல கடிச்சு பொறுத்துக்காதீங்க, தொடர்ந்து வலிச்சா பாலூட்டல் ஆலோசகர்ட்ட காட்டுங்க.

ராத்திரிக்கு தண்ணி பாட்டில், துணி, டயப்பர் எல்லாம் கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும், லைட் மங்கலா, பேச்சு வேணாம், மோஷன் போகலன்னா டயப்பர் மாத்தறேன்னு முழுசா எழுப்பி விடாதீங்க. சோஃபால மட்டும் உக்காந்து குடுக்காதீங்க, கண்ணசந்துட்டா குழந்தை இடுக்குல மாட்டி மூச்சு முட்டற ஆபத்து ரொம்ப அதிகம். குழந்தைய எப்பவும் மல்லாக்க, கெட்டியான சமமான படுக்கையில, தலகாணி போர்வை பொம்மை எதுவும் இல்லாம, உங்க ரூம்லயே தனியா படுக்க வைங்க.

நல்லா தூங்கும்னு பாட்டில்ல சீரியல் (குழந்தைங்களுக்கான தானிய மாவு) கலந்து குடுக்க சொல்வாங்க. அதனால தூக்கம் ஒண்ணும் அதிகமாகாது, புரை ஏறற ஆபத்துதான் மிச்சம். ஆறு மாசம் வரைக்கும் தண்ணியும் வேணாம். எடை ஏறலன்னு டாக்டர் ஃபார்முலா பால் எழுதி குடுத்தா தாராளமா குடுங்க, அதுல குத்த உணர்ச்சிக்கு ஒண்ணுமே இல்ல.

கேள்வி கேக்கறவங்களுக்கு பதில் சொல்ற வேலைய வீட்டுக்காரர்ட்ட விட்டுடுங்க. "எடை சரியா ஏறுது, டாக்டர் பாத்துட்டாங்க", அதுக்கு மேல விளக்கம் வேணாம். ஹெல்ப் பண்றேன்னு வர்றவங்ககிட்ட சமையல், துணி, பால் குடிச்சப்புறம் ஏப்பம் எடுக்கறதுன்னு கேட்டு வாங்குங்க. நெறைய பேர் குழந்தைய தூக்கி வச்சுக்கிட்டு உங்கள காபி போட சொல்வாங்க, அத மாத்தி கேக்கறதுல தப்பே இல்ல.

குழந்தைய எழுப்பினாலும் குடிக்காம துவண்டு கிடந்தா, டயப்பர் நனையறது குறைஞ்சா, மூணு மாசத்துக்குள்ள 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தா, உடனே ஆஸ்பத்திரி.

உங்களையும் பாத்துக்கோங்க. மொத ரெண்டு வாரம் காரணமே இல்லாம அழுக வர்றது பல பேருக்கு நடக்கும். அது தாண்டியும் போச்சுன்னா, குழந்தை தூங்கறப்ப கூட உங்களுக்கு தூக்கம் வரலன்னா, டாக்டர்ட்ட சொல்லுங்க. உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது பண்ணிடுவோமோன்னு நெனப்பு வந்தா அன்னிக்கே போங்க, தனியா இருக்காதீங்க. பால நிறுத்த சொல்லிடுவாங்களோன்னு பயந்து தள்ளிப்போடறவங்க உண்டு, ஆனா பால் குடுத்துக்கிட்டே எடுத்துக்கற மாத்திரைங்க இருக்கு, பால் குடுக்கறேன்னு மட்டும் மறக்காம சொல்லிடுங்க.