இங்கிலாந்துத் தொழிலாளர் குடும்பங்களின் வேர் தேட

இங்கிலாந்தில் சுரங்கத்திலோ பஞ்சாலையிலோ உழைத்த மூதாதையரைத் தேடுகிறீர்களா? 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். 1841 பதிவில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள். பிறந்த ஊரும் இருக்காது. 1851 பதிவில் பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் பங்குக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி), குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் உண்டு. ஊர் தெரிந்ததும் அங்குள்ள தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்தது, அதில் தந்தையின் தொழிலுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் அதுதான் கைகொடுக்கும்.

பழைய செய்தித்தாள்களை விட்டுவிடாதீர்கள். கூலித் தொழிலாளிக்கு இரங்கல் குறிப்பு வருவது அரிது. சுரங்க விபத்து, மரண விசாரணை, நீதிமன்றச் செய்திகளில்தான் அவர்கள் பெயர் அகப்படும். பெயர் மட்டும் போதாது, கணக்கெடுப்பில் கிடைத்த தெருப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.