பிளேட்லெட் ஏற்றுவது எப்படி: மலையக வார்டுகளுக்கான நடைமுறை

சிவப்புப் பைகளைக் கையாண்டு பழகிய கைதான் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் சிறு கலங்கள்) பையை அதிகம் கெடுக்கிறது. செங்குருதிக்கு 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். பிளேட்லெட்டுக்கு 20 முதல் 24 பாகை வேண்டும், அதுவும் ஆட்டும் தட்டில் இடைவிடாமல் மெல்ல ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஐஸ் பெட்டி, வார்டு ஃபிரிட்ஜ் என்று ஒன்றுக்குச் சரியானதெல்லாம் மற்றதற்குப் பிழை. கொழும்பில் இதற்கு எதிரி வெக்கை. நுவரெலியா, ஹற்றன், பண்டாரவளைப் பக்கம் எதிரி குளிர். தை, மாசி விடியற்காலைகளில் நுவரெலியாவில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே போகும். குளிர்பட்ட பிளேட்லெட் உடம்புக்குள் போனதும் ஈரலும் மண்ணீரலும் அதைச் சீக்கிரமே அகற்றிவிடும். பை நன்றாகத்தான் தெரியும், ஏற்றியும் ஆகிவிடும், கவுண்ட் (ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்திலுள்ள பிளேட்லெட் எண்ணிக்கை) மட்டும் ஏறாது.

ஏற்றத்தான் வேண்டுமா?

எண்ணை நம்புமுன் நோயாளியைப் பாருங்கள். தோலில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை, ஈறில் கசிவு இல்லை, கவுண்ட் மட்டும் 12,000 என்று வருகிறதா? மாதிரிக் குழாயைச் சரித்துப் பார்த்து உறைகட்டி இருக்கிறதா என்று தேடுங்கள், பிளட் பிக்சருக்கும் (இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் சோதனை) அனுப்புங்கள். சிலருடைய பிளேட்லெட்டுகள் ஈ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள மாதிரிக் குழாயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தத் திரளைப் பிளேட்லெட்டாக எண்ணாது. சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தி, மெதுவாகச் சொட்டிய இரத்தத்தை அனுப்பினாலும் இதே பொய்க் கணக்குதான் வரும்.

இரத்தக்கசிவு இல்லாமல், எலும்பு மச்சை வேலை செய்யாததால் கவுண்ட் இறங்கியவருக்கு (லுக்கீமியா, கீமோதெரபி) 10,000க்குக் கீழே போனால் ஏற்றுவது வழக்கம். கடும் தொற்றோ காய்ச்சலோ சேர்ந்தால் 20,000 வரை எல்லையை உயர்த்துவார்கள். பெரிய சத்திரசிகிச்சைக்கு 50,000, மூளையிலோ கண்ணின் பின்புறத்திலோ கை வைப்பதானால் 1,00,000. கடுமையாக இரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு 50,000க்கு மேல் வைத்திருக்க முயல வேண்டும்.

டெங்கு இந்தக் கணக்கில் சேராது. வீட்டார் முதலில் கேட்பது கவுண்டைத்தான். 20,000 என்றதும் “பிளேட்லெட் ஏத்துங்க சேர்” என்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து காய்ச்சலோடு வீடு வரும் பிள்ளைகள் இருக்கும்வரை, உயரத்தில் இருக்கிறோம், டெங்கு வராது என்று எந்த வார்டும் சொல்ல முடியாது. ஆனால் டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் குறைந்த கவுண்ட் அல்ல, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதும் அதைக் கவனிக்காமல் விடுவதும்தான். கசிவு நிகழும் 24 முதல் 48 மணித்தியாலத்தில் பார்க்க வேண்டியது பி.சி.வி. (இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் சதவீதம்), நாடி அழுத்தம் (மேல், கீழ் இரத்த அழுத்தங்களின் வித்தியாசம்), சிறுநீர் அளவு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000க்குக் குறைந்த 372 பெரியவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், முன்தடுப்பாக ஏற்றிய பிளேட்லெட் இரத்தக்கசிவைத் தடுக்கவில்லை, பாதக விளைவுகளைத்தான் கூட்டியது. இலங்கையின் டெங்கு வழிகாட்டலும் முன்தடுப்பாக ஏற்றச் சொல்வதில்லை. கசியும் உடம்பில் இன்னொரு 250 மி.லீ. என்பது நுரையீரலுக்குப் போகும் நீர். பப்பாளி இலைச் சாறு கொடுத்ததால் கவுண்ட் ஏறியது என்று வீட்டார் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். கட்டம் தாண்டியதும் கவுண்ட் தானாகவே ஏறும். பிளேட்லெட் ஏற்றியதால் ஏறியது என்று நாம் சொல்வதும் பல வேளைகளில் அதே ரகம்தான்.

த்ரொம்போட்டிக் த்ரொம்போசைட்டோபீனிக் பர்பூரா (சிறு இரத்தக் குழாய்களில் கட்டிகள் உருவாகும் நோய்), ஹெப்பரின் என்ற உறைதடுப்பு மருந்தால் கவுண்ட் இறங்கிய நிலை, இவை இரண்டிலும் உயிருக்கு ஆபத்தான கசிவு இல்லாமல் ஏற்றவே கூடாது. இரத்தக் குழாய்களில் அடைப்பு கூடலாம். தேயிலை மலையில் விரியன் கடித்து இரத்தம் உறையாமல் வருபவருக்கும் முதல் மருந்து இது அல்ல. அங்கே தீர்ந்துபோவது முக்கியமாக உறைகாரணிகள் (இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள்).

எவ்வளவு கேட்பது

ஒருவர் கொடுத்த 450 மி.லீ. இரத்தத்திலிருந்து பிரித்த தனிப் பையில் 50 முதல் 70 மி.லீ. இருக்கும். பெரியவர்களுக்கு 10 கிலோவுக்கு ஒரு பை என்று கணக்குப் போடுங்கள். கொழுந்து பறிக்கும் 40 கிலோ அம்மாவுக்கு 4 பை, 60 கிலோ ஆளுக்கு 6. பழக்கத்தில் எல்லோருக்கும் 6 என்று எழுதுவதால், இருப்பு குறைந்த நாளில் இன்னொரு வார்டுக்கு இல்லாமல் போகிறது. ஒரே கொடையாளரிடம் இயந்திரம் வழியாக எடுத்த அஃபெரிசிஸ் பை 200 முதல் 300 மி.லீ. வரும், அது ஒன்றே ஒரு முழு டோஸ். சிறு பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லீ.

குருதி வகை ஒத்திருப்பது நல்லது. ஒத்தது கிடைக்காதபோது வேறு வகை கொடுக்கலாம், ஆனால் அந்த முடிவு இரத்த வங்கி வைத்தியருடையது. ஆர்எச் நெகட்டிவ் பெண்பிள்ளைக்கோ இனிப் பிள்ளை பெறக்கூடிய பெண்ணுக்கோ பாசிட்டிவ் பை போட நேர்ந்தால் ஆன்டி-டி ஊசியைப் (பாசிட்டிவ் கலங்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுப்பது) பற்றி அப்போதே பேசிவிடுங்கள். பிளேட்லெட் பையில் கொஞ்சம் செங்குருதிக் கலமும் கலந்திருக்கும்.

விண்ணப்பம் எழுதுமுன் இரத்த வங்கிக்கு ஒரு போன் போடுங்கள். பையின் ஆயுள் இரத்தம் எடுத்த நாளிலிருந்து 5 நாள்தான், எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பு இராது. கண்டியிலிருந்தோ பதுளையிலிருந்தோ வர வேண்டுமென்றால், வந்து சேரும் நேரத்தைக் கேட்டுவிட்டு சத்திரசிகிச்சை நேரத்தை முடிவு செய்யுங்கள். காலை 8 மணி ஒபரேஷனுக்கு முதல் நாள் மாலையே ஏற்றிவிடுவது வீண். கத்தி வைக்கும் நேரத்துக்கு முன்பின்னாக ஏற்றினால்தான் பலன்.

மலைப்பாதையில் பை

கண்டியிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் பாதையில் வெப்பநிலை வளைவுக்கு வளைவு இறங்கும். மழைக்காலத்தில் மண்சரிந்து வாகனம் மணிக்கணக்கில் நின்றுவிடுவதும் உண்டு. ஆட்டாமல் 24 மணித்தியாலம் வரை பிளேட்லெட் தாங்கும். ஆகவே பாதை நீளம் பெரிய பிரச்சினை அல்ல. குளிர்தான் பிரச்சினை.

வெப்பம் கடத்தாத பெட்டியை முந்தைய இரவே அறைக்குள் எடுத்து, மூடி திறந்து வையுங்கள். வாகனத்திலோ வெளி வராந்தாவிலோ கிடந்த பெட்டிக்குள் பையை வைத்தால், பெட்டியின் சுவரே பையிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். ஐஸ் பேக் வேண்டாம். ஜெல் பேக் வைப்பதென்றால் 22 பாகை அறையில் ஒரு நாள் கிடந்ததாக இருக்க வேண்டும். செங்குருதியும் அதே வண்டியில் வருகிறதா? தனித்தனிப் பெட்டி, மூடியில் கொட்டை எழுத்தில் “பிளேட்லெட் - ஐஸ் வைக்காதே” என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். இரக்கப்பட்டு உள்ளே சுடுநீர்ப் போத்தல் வைப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் கெடுதல். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி இருந்தால் வாதமே வராது.

வார்டுக்கு வந்த பையை உடனே ஏற்ற வேண்டும். கனியூலா இன்னும் போடவில்லை, வைத்தியர் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றால் பையைக் கேட்டு அனுப்பவே வேண்டாம். வந்துவிட்டது, நோயாளி ஸ்கேனுக்குப் போய்விட்டார் என்றால் ஃபிரிட்ஜிலும் ஜன்னலோர மேசையிலும் வைக்காமல் இரத்த வங்கிக்குத் திருப்பிக் கொடுங்கள். அங்கே அது ஆட்டும் தட்டுக்குத் திரும்பிப் போகும்.

பையைப் பார்ப்பது

வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெல்லச் சரித்து, விரலால் லேசாக அழுத்துங்கள். நல்ல பையில் பட்டுச் சேலையை வெயிலில் அசைத்தாற்போல் ஒரு மினுமினுப்பு சுழன்று ஓடும். பிளேட்லெட்டுகள் தட்டு வடிவில் இருக்கும்வரைதான் அந்த மினுக்கம். குளிரோ அமிலமோ பட்டு உருண்டையாகிவிட்டால் திரவம் மங்கலாக, அசைவற்றுத் தெரியும். அந்தப் பையை ஏற்றாமல் இரத்த வங்கியோடு பேசுங்கள். சிறு திரள்கள் மெல்ல ஆட்டினால் கரைந்துவிடும். கரையாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். வைக்கோல் மஞ்சள் சரியான நிறம். இலேசான பச்சை பெரும்பாலும் கொடையாளர் எடுத்த மாத்திரையால் வருவது, பயமில்லை, ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் நிறம், வாயுக் குமிழ், பையில் ஊதல், கசிவு இருந்தால் தொடாதீர்கள். அறை வெப்பத்தில் கிடப்பதால் பக்டீரியா வளர மற்றெல்லாக் குருதிப் பொருளையும்விட இதில்தான் வாய்ப்பு அதிகம். மினுக்கம் இருப்பதால் கிருமி இல்லை என்றும் ஆகாது.

கட்டிலருகே பெயர் கேட்பது

தவறான ஆளுக்கு ஏற்றுவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். மலையக வார்டில் இதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. தமிழ்ப் பெயர் பெட் ஹெட் டிக்கட்டில் (நோயாளியின் வார்டுக் குறிப்பேடு) சிங்களத்தில் எழுதப்படும், விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில். செல்வராஜ், செல்வராசா ஆவார்; முன்னெழுத்து ஒன்றில் இருக்கும், மற்றதில் இராது. ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி படுத்திருப்பார்கள், இருவரும் ஒரே தோட்டம், வேறு டிவிஷன்.

“நீங்க செல்வராஜ்தானே?” என்று கேட்காதீர்கள். மொழி விளங்காவிட்டாலும், பெயர் சரியாகக் காதில் விழாவிட்டாலும், மரியாதைக்காக “ஆமாங்க மிஸ்” என்றுதான் பதில் வரும். “உங்க பேர் என்னங்க? அப்பா பேர்? எந்தத் தோட்டம்?” என்று கேட்டு அவரையே சொல்ல விடுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் கேட்பது நல்லது. நினைவில்லாதவர், குழந்தை என்றால் கைப்பட்டியும் கூட இருப்பவரும். பெயரைவிட நம்பத்தக்கது டிக்கட் இலக்கம். கைப்பட்டி, டிக்கட், பையின் லேபல், பொருத்தச் சீட்டு, இவற்றில் பெயரும் இலக்கமும் குருதி வகையும், பையிலும் சீட்டிலும் பை எண்ணும் காலாவதித் திகதியும் ஒத்திருக்க வேண்டும். இருவர் தனித்தனியே படிக்க வேண்டும். ஒருவர் படிக்க மற்றவர் தலையாட்டுவது சரிபார்த்தல் அல்ல. ஓர் எழுத்து மாறினாலும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

அதே மூச்சில் நோயாளிக்கும் சொல்லிவிடுங்கள்: “இது இரத்தம் உறையறதுக்கு உதவுறது. ஒரு மணித்தியாலத்துல முடிஞ்சிரும். உடம்பு அரிச்சா, நடுங்குனா, மூச்சு முட்டுனா, இடுப்பு வலிச்சா உடனே கூப்பிடுங்க.”

ஏற்றுவது

வடிகட்டியுள்ள புதிய இரத்த செட் வேண்டும், 170 முதல் 200 மைக்ரோன். சாதாரண சேலைன் செட்டில் வடிகட்டி இல்லை. செங்குருதி ஓடிய செட்டில் பிளேட்லெட்டை விட்டால் வடிகட்டியில் தங்கிய கலத்துணுக்குகளில் பிளேட்லெட் சிக்கிக்கொள்ளும். அதே வழியில் 0.9 சதவீத சேலைன் தவிர வேறெதுவும் ஓடக்கூடாது. ஹாட்மன் கரைசலில் (இன்னொரு வகை சேலைன்) கல்சியம் உண்டு, உறையும். மருந்தையும் பைக்குள் கலக்காதீர்கள்.

தொடங்குமுன் வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு வேகம். முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு, அருகிலேயே நின்று, மறுபடி அளந்து, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். முழு டோஸ் 30 முதல் 60 நிமிடத்தில் முடியலாம். ஒரு மி.லீ.க்கு 20 துளி விழும் செட்டில் 250 மி.லீ.யை 45 நிமிடத்தில் முடிக்க நிமிடத்துக்குச் சுமார் 110 துளி. முதியவர், இதய நோயாளி என்றால் நிதானமாக. எப்படியும் பையைக் குத்திய நேரத்திலிருந்து 4 மணித்தியாலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். தனிப் பைகளை ஒன்றன்பின் ஒன்றாக அதே செட்டில் மாற்றுங்கள், ஒவ்வொன்றையும் சரிபார்த்துத்தான். 50 மி.லீ. பையின் மூலையில் 5 மி.லீ. தங்கினால் பத்தில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. பையை உருட்டி வடித்துவிடுங்கள். முடிவில் 20 மி.லீ. சேலைனால் வழியைக் கழுவலாம். நீர் கணக்குப் பார்க்கும் நோயாளிக்கு அதையும் கணக்கில் சேருங்கள்.

எல்லோருக்கும் முன்கூட்டியே பிரிட்டன் (குளோர்ஃபெனிரமின்), ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஒவ்வாமை மருந்துகளைப் போடும் பழக்கத்தால் பெரிதாக லாபமில்லை. முன்பு ஒவ்வாமை வந்தவருக்கு மட்டும் வைத்து எழுதுங்கள்.

“குளிருது மிஸ்”

இந்த ஊரில் இந்தச் சொல்லுக்கு உடனே கம்பளி வந்துவிடும். பிளேட்லெட் ஓடும்போது கம்பளிக்கு முன் தேர்மோமீட்டர் வர வேண்டும். ஓட்டத்தை நிறுத்தி அளந்து பாருங்கள். 38க்கு மேல், ஆனால் தொடக்க அளவிலிருந்து 2 பாகைக்குள்தான் ஏறியிருக்கிறது, வேறு குறி இல்லை என்றால், வைத்தியருக்குச் சொல்லி, பரசிட்டமோல் கொடுத்து, மெதுவாகத் தொடரலாம். 39 தாண்டினாலோ 2 பாகைக்கு மேல் ஏறினாலோ, உடம்பு தூக்கிப்போடும் நடுக்கமோ அழுத்த வீழ்ச்சியோ இருந்தாலோ, பக்டீரியா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பையைத் தொடர வேண்டாம். புதிய செட்டில் சேலைன், நோயாளியிடமிருந்து பிளட் கல்ச்சர், தாமதமில்லாமல் அன்டிபயோட்டிக். பையையும் செட்டையும் மூடி இரத்த வங்கிக்கு அனுப்பி, போனிலும் சொல்லுங்கள். அதே கொடையாளரின் மற்றப் பைகள் வேறு வார்டுகளில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

அரிப்பும் தடிப்பும் மட்டுமென்றால் நிறுத்தி, பிரிட்டன் கொடுத்து, அடங்கியபின் மெதுவாகத் தொடரலாம். தொண்டை இறுகி, அழுத்தம் விழுந்தால் பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில். மூச்சு முட்டினால் நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வைத்து, ஒட்சிசன் கொடுங்கள். நீர் கூடிப்போனதா, 6 மணித்தியாலத்துக்குள் வரும் நுரையீரல் பாதிப்பா என்பதை வைத்தியர் பிரித்தறிய வேண்டும். முன்னதற்கு ஃபுரோசமைட் (சிறுநீர் போக்கும் மருந்து) உதவும், பின்னதற்கு உதவாது.

ஏறியதா?

ஏற்றி முடித்து 10 முதல் 60 நிமிடத்துக்குள் ஒரு கவுண்ட், மறுநாள் ஒன்று. முதலாவதை எடுக்காமல் மறுநாள் மட்டும் பார்த்தால், ஏறவே இல்லையா, ஏறித் தீர்ந்ததா என்று தெரியாது. 40 கிலோ, உடல் மேற்பரப்பு 1.29 சதுர மீற்றர் உள்ளவருக்கு 4 பை போட்டு 9,000 இருந்தது 27,000 ஆனது என்று வையுங்கள். உயர்வு 18,000. அதை 1.29ஆல் பெருக்கி, 4 பையிலுள்ள 2.2ஆல் (ஒரு பைக்கு 0.55, அலகு பத்தாயிரம் கோடி பிளேட்லெட்) வகுத்தால் சுமார் 10,500. ஒரு மணித்தியாலக் கணக்கில் 7,500க்கு மேல் இருந்தால் போதும்.

தொடர்ந்து இரண்டு முறை, குருதி வகை ஒத்த புதிய பை போட்டும் இந்தக் கணக்கு 5,000ஐத் தாண்டாவிட்டால், முதல் மணித்தியாலத்திலேயே அழிகிறது என்று பொருள். பல பிள்ளை பெற்ற தாய்மாரிடமும் அடிக்கடி இரத்தம் ஏற்றியவர்களிடமும் எச்.எல்.ஏ. (கலங்களின் மேலுள்ள அடையாளப் புரதங்கள்) எதிர்ப்பொருள் இருக்கலாம். மேலும் பைகளை அடுக்குவதில் பயனில்லை. எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பி, பொருந்தும் கொடையாளரைத் தேட இரத்த வங்கிக்கு நேரம் கொடுங்கள். முதல் கவுண்ட் நன்றாக ஏறி மறுநாள் சரிந்தால் காரணம் வேறு: தொற்று, வீங்கிய மண்ணீரல், ஓயாத கசிவு. அப்போது பையை விட்டு நோயாளியின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.