புயல் ஜிப் பாய்க்கு ஒரு தனித் தாங்கி

என் பாய்மரப் படகின் முன்பாயைப் பாதி சுருட்டினாலே பலத்த காற்றைச் சமாளிக்கலாம் என்று நம்பியிருந்த நான், 35 நாட் (மணிக்குச் சுமார் 65 கி.மீ.) வேகக் காற்றில் அது பை போல உப்பிப் படகின் முகத்தைத் திருப்பித் தள்ளியபோதுதான், புயல் ஜிப் பாய்க்கு (கடுங்காற்றில் ஏற்றும் சிறிய, உறுதியான முன்பாய்க்கு) தனி ஏற்பாடு தேவை என்பதை உணர்ந்தேன். கழற்றி மாட்டக்கூடிய டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழைக் கயிற்றை, பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் முன்தாங்கிக் கம்பிக்குப் பின்னால், இந்தப் பாயை மாட்டும் உள்தாங்கியாகப் பொருத்தினேன். அதன் அடிக்கொக்கி மேல்தளத்தை மட்டும் பிடித்திருந்தால் தளமே பிய்ந்துவிடக்கூடும் என்பதால், இழுவிசை கீழே படகின் உட்புறத்தைக் குறுக்காகத் தடுக்கும் குறுக்குச் சுவருக்குச் செல்லும்படி எஃகுப் பட்டையால் பிணைத்தேன். பாய்மரம் நடுவில் வளையாதிருக்கப் அதைப் பின்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் பின்னிழுப்புக் கயிறுகள் இரண்டையும் சேர்த்தேன். புயல் ஜிப் பாயின் பரப்பு, முன்முக்கோண (பாய்மரம், முன்தாங்கி, மேல்தளம் மூன்றுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தின்) உயரத்தின் வர்க்கத்தில் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. இவ்வளவும் செய்த பிறகு, மிதமான காற்றில் ஏற்றிப் பார்த்தால் பின்விளிம்பு ஓயாமல் படபடத்தது. நல்லவேளையாக, பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் இழுகயிற்றின் கப்பியை ஒரு முழம் முன்னே நகர்த்தியதும் அது அடங்கிவிட்டது.