கடலுக்கும் கந்தோருக்கும் ஒரே மணிக்கூடு: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்குக் கடல் அடங்கியிருக்கும். கொழும்புக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கச் சுழியோடிகளின் படகுகள் புறப்படுவதும் அப்போதுதான். புதிதாகப் பழகியவர்கள் என்ன மணிக்கூடு வாங்கலாம் என்று விசாரிப்பதும் அந்த மாதங்களில்தான். கந்தோருக்கும் கட்டவேண்டும், கடலுக்கும் கட்டவேண்டும். நியாயமான ஆசை. ஆனால் வாங்கும்போது முதலில் கடலை யோசியுங்கள், கந்தோரை அப்புறம் பார்க்கலாம்.

முதல் குழப்பம் முகப்பில் அச்சிட்டிருக்கும் எண். 50 மீற்றர் என்று போட்டிருந்தால் 50 மீற்றர் ஆழம் போகலாம் என்று நினைக்கிறார்கள். அது அசையாத நீரில், சோதனைக் கருவிக்குள் கொடுத்த அழுத்தத்தின் கணக்கு. அந்த மணிக்கூட்டோடு நீந்தலாம், குளிக்கலாம். முதுகில் காற்றுத் தொட்டி கட்டிச் சுழியோடக்கூடாது. சாதாரண நீர்த்தடுப்பு மணிக்கூடுகளுக்கு ஐஎஸ்ஓ 22810 என்ற தரம், சுழியோடும் மணிக்கூடுகளுக்கு ஐஎஸ்ஓ 6425. இரண்டாவது தரத்தில் குறைந்தது 100 மீற்றர் வேண்டும். மாதிரிக்குச் சிலதை எடுத்துப் பார்த்தால் போதாது. ஒவ்வொரு மணிக்கூட்டையும் குறித்த ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கவேண்டும். இருட்டில் நேரம் தெரிகிறதா, உப்புநீரைத் தாங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். முகப்பில் 'டைவர்ஸ் 200 மீ' போன்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

சரி, அந்தத் தரத்திலேயே ஒன்றை வாங்கிவிட்டீர்கள். இனித்தான் உயிரோடு சம்பந்தப்பட்ட தவறு வருகிறது: மணிக்கூடு இருக்கிறதே, ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடலில் சேரும் நைதரசனைக் கணக்கிடும் சுழியோட்டக் கொம்பியூட்டர் எதற்கு என்ற எண்ணம். நீர் உள்ளே போகாமல் காப்பதும் கீழே எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்று காட்டுவதும் மட்டுமே மணிக்கூட்டின் வேலை. உங்கள் உடலில் எவ்வளவு நைதரசன் கரைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது அளவுக்கு மிஞ்சினால் மேலே வரும்போது குமிழாகி உடலைத் தாக்கும். 18 மீற்றரில் சாதாரணக் காற்றோடு 56 நிமிடம் வரை இருக்கலாம் என்கிறது சுழியோட்டப் பயிற்சி நிறுவனமான பாடியின் (PADI) அட்டவணை. 30 மீற்றரில் அதே அட்டவணை தருவது 20 நிமிடம்தான். கொழும்புக்கு அருகிலுள்ள கப்பல்களில் பல அந்த 30 மீற்றரை ஒட்டியே கிடக்கின்றன. 1917இல் கண்ணிவெடியில் மூழ்கிய வூஸ்டர்ஷயர் 50 மீற்றரையும் தாண்டிக் கிடக்கிறது. அது பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிய ஆழத்துக்கான தொழில்நுட்பச் சுழியோட்டப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். கப்பலைச் சுற்றி ஏறி இறங்கும்போது ஆழம் மாறிக்கொண்டே இருக்கும். அதைக் கணத்துக்குக் கணம் கணக்கிடக் கொம்பியூட்டரால் மட்டுமே முடியும்.

வழிகாட்டியின் கையில் ஒன்று இருக்குதுதானே என்றும் சிலர் சொல்வார்கள். அவர் உங்களைவிட மூன்று மீற்றர் மேலே இருந்திருக்கலாம், காலையில் வேறொரு குழுவோடு இறங்கியிருக்கலாம். அவர் கொம்பியூட்டர் போடுவது அவர் உடலின் கணக்கு. ஆளுக்கொன்று வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஸ்மார்ட் வாட்ச் வாங்குபவர்கள் மாதிரியின் பெயரைக் கவனியுங்கள். ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 40 மீற்றர் வரையான பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு ஏற்றது. ஆனால் நைதரசன் கணக்குக்குத் தனிச் செயலியும் சந்தாவும் வேண்டும். அதே நிறுவனத்தின் மற்ற வாட்ச்கள் தொட்டி கட்டி இறங்குவதற்கு உரியவை அல்ல. நாள் முழுக்கக் கட்டுவதற்கென்றே கைக்கடிகார வடிவில் வருபவை கார்மின் டிசென்ட், ஷியர்வாட்டர் டெரிக் போன்றவை. விலை கூடியவை, நல்லவை. இருந்தாலும் வருடத்தில் சில வார இறுதிகள் மட்டும் இறங்குபவருக்கு நான் சொல்வது வேறு: பற்றரியை நீங்களே மாற்றக்கூடிய, எழுத்துப் பெரிதாகத் தெரியும் சாதாரணக் கொம்பியூட்டர் ஒன்றைக் கடலுக்கு வாங்குங்கள். கந்தோருக்கு இருப்பதையே கட்டுங்கள். நைட்ரொக்ஸ், அதாவது ஒட்சிசன் கூட்டிய காற்றுக் கலவையை அமைக்கும் வசதி மட்டும் கட்டாயம் இருக்கட்டும், ஒரு வருடத்தில் தேவைப்படும்.

கொம்பியூட்டரைக் கரையேறிய பிறகும் கட்டியிருப்பதில் ஒரு பெரிய பயன் உண்டு. விமானம் ஏற இன்னும் எத்தனை மணி நேரம் பொறுக்கவேண்டும் என்று அது காட்டும். ஒருமுறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 என்பது பொது வழிகாட்டல். சென்னை விமானத்துக்கு இதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், நுவரெலியாவுக்கு மறந்துவிடுவார்கள். அந்த ஊர் கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் காலையில் கடலில் இறங்கிவிட்டு, பிள்ளைகளோடு அன்றே மலையேறுவது விமானம் ஏறுவதற்குச் சமம். பயணத்தை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்.

பற்றரி விஷயத்துக்கு வருவோம். புறக்கோட்டையில் பத்து நிமிடத்தில் மாற்றித் தருவார்கள். மூடியைத் திறந்து மூடினாலே உள்ளிருக்கும் ரப்பர் வளையம் சரியாக அமர்ந்ததா என்ற கேள்வி வந்துவிடும். வளையத்தை மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்து தரும் இடத்தில் மட்டும் சுழியோடும் மணிக்கூட்டைக் கொடுங்கள். வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்குபவர்கள், உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை முன்னமே கேட்டுவிடுங்கள். பட்டிக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை: ரப்பர் அல்லது நைலோன், சுழியோடும் உடையின் கைக்கு மேலால் கட்டும் நீளம். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம்.

கடையில் கண்ணாடிக்கு வெளியே நின்று தெரிவு செய்யாதீர்கள். கையில் வாங்கி, பொத்தான்களை அமுக்கி, சுழியோடும் திரைக்குப் போய்ப் பாருங்கள். தொடுதிரை தண்ணீருக்குள் ஒழுங்காக வேலை செய்யாது, பொத்தான்தான் கைகொடுக்கும். கையை நீட்டி, மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஆழமும் மீதி நிமிடமும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.