சாப்பாடு கொண்டு வருபவருக்கு டிப்ஸும் சில்லறையும்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொத்து ரொட்டியும் ரோல்ஸும் சேர்த்து பில் 1,460 ரூபா. வீட்டில் இருப்பது ஒரே ஒரு 5,000 ரூபா தாள். ரைடர் வாசலில் நனைந்தபடி நிற்கிறார். மிச்சம் 3,540 ரூபா அவரிடம் இல்லை. டவுனில் என்றால் பக்கத்துக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இரவு எட்டு மணிக்கு எந்தக் காம்பராக் கதவைத் தட்டுவது? சம்பளத் தேதியை ஒட்டித் தட்டினால் அங்கேயும் 5,000 தாள்தான் இருக்கும்.

டிப்ஸ் எவ்வளவு என்று யோசிக்கும் பலர் சில்லறையை மறந்துவிடுகிறார்கள். மலைநாட்டில் ரைடருக்குப் பெரிய உதவி, மாற்ற வேண்டிய அவசியம் இல்லாத காசை நீட்டுவதுதான். டிப்ஸ் அதற்குப் பிறகு.

காசு குறைந்தால் யார் கட்டுவது?

கண்டி போன்ற இடங்களில் ஆப் மூலம் வரும் ஓடருக்குக் காசு கொடுத்தால், ரைடர் முழுத் தொகையையும் வாங்கிக்கொள்கிறார். கம்பனி தனக்கு வரவேண்டியதை அவருடைய கணக்கில் கழித்துவிடும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கடைக்காரரே ஆள் வைத்து அனுப்பும் இடங்களில், இரவு கடை மூடும்போது கேஷியர் முன்னால் பில்லுக்குப் பில் கணக்குக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் 40 ரூபா குறைந்தால் அது ரைடரின் சொந்தக் காசு. ‘அடுத்த தடவை தாறேன் தம்பி’ என்று சொல்வது அவரிடம் கடன் வாங்குவதாகும். அடுத்த தடவை வருவது வேறொரு தம்பியாகவும் இருக்கலாம்.

ஓடர் போடும்போது பார்த்த தொகையை மட்டும் நம்பிக் காசை எண்ணி வைப்பதும் தவறு. ஒரு சாமான் முடிந்துபோய் வேறொன்று மாற்றினால் பில் மாறும். சாப்பாடு கடையை விட்டுக் கிளம்பியதும் இறுதித் தொகையை மறுபடி பாருங்கள், அல்லது கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய தாள்தான் இருக்கிறது என்றால் அதையும் ஓடர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: ‘அண்ணே, ஐயாயிரம் தாள்தான் இருக்கு, மிச்சம் கொண்டு வரச் சொல்லுங்க.’ கேஷியர் அப்போதே எண்ணிக் கொடுத்து அனுப்புவார். ரைடர் மேலே ஏறி வந்தபின் சொன்னால் இறங்கி, மாற்றி, மறுபடி ஏற வேண்டும். அதற்குள் அவருக்கு இன்னொரு ஓடர் கைவிட்டுப் போயிருக்கும்.

வீட்டில் ஒரு சில்லறை டப்பா

500 ரூபா தாள் இரண்டு, 100 ஐந்து, 50 நான்கு, 20 ஐந்து. மொத்தம் 1,800 ரூபா. இதை வைத்து 40 ரூபாவிலிருந்து 1,700 வரை பத்தில் முடியும் எந்தப் பில்லையும் சரியாகக் கட்டலாம். பெரிய ஓடர் போடுகிறவர்கள் 1,000 ரூபா தாள் இரண்டு சேர்த்துக்கொள்ளட்டும். ஏ.டி.எம்.மில் 10,000 எடுத்தால் பெரும்பாலும் ஐயாயிரங்களாகவே வந்து விழும். 4,500 என்று அடித்தால் மெஷினுக்குச் சின்னத் தாள் தருவதைத் தவிர வழியில்லை. காலையில் பலசரக்குக் கடையிலும், கூட்டம் குறைந்த பஸ்ஸில் கண்டக்டரிடமும் சில்லறை கிடைக்கும். இரவில் கிடைக்காது.

லயத்தில் நான்கு குடும்பம் சேர்ந்து ஓடர் போடும்போது நடக்கும் கூத்து தனி. பில் 4,380 ரூபா. நான்கு வீட்டாரும் ஆளுக்கு 2,000 நீட்டி மிச்சம் கேட்பார்கள். ஒருவர் முதலிலேயே வீட்டுக்கு 1,150 வாங்கி வைத்தால் 4,600 ஆகிறது. பில்லும் தீரும், டிப்ஸுக்கு 220 ரூபாவும் நிற்கும். வாசலில் ரைடரைக் கணக்குப்பிள்ளை ஆக்க வேண்டியதில்லை.

டிப்ஸை வீதத்தில் கணக்குப் போடுவது

பெரிய ரெஸ்டூரன்ட்களில் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பது இலங்கையில் வழக்கம். அதே 10 வீதத்தை டெலிவரிக்கும் பிடித்துக்கொள்கிறார்கள் சிலர். டவுனுக்குள் 6,000 ரூபாவுக்குப் பிரியாணி கொண்டு வந்தவருக்கு 600. தோட்டத்து மேல் டிவிசனுக்கு (பிரிவுக்கு) 700 ரூபா சோற்றுப் பார்சல் கொண்டு வந்தவருக்கு 70. எவருக்கு அலைச்சல் கூட?

ஒரு கணக்குப் பார்ப்போம். கடையிலிருந்து 6 கிலோமீற்றர் தள்ளி வீடு என்றால் போகவர 12. கல் பெயர்ந்த தோட்ட ரோட்டில் முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும் பைக் லீட்டருக்கு 30 கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம். பெற்றோல் லீட்டர் 300 ரூபா என்று வைத்தாலும் எண்ணெய்க்கு மட்டும் 120 ரூபா போய்விடும். டெலிவரிக் கட்டணத்தில் இதில் எவ்வளவு அவர் கைக்குச் சேரும் என்பது கடைக்குக் கடை வேறுபடும். பில்லில் உள்ள சேவைக் கட்டணமோ, வற் வரியோ ரைடருக்குப் போகும் காசு அல்ல. ‘அதுதான் பில்லிலேயே இருக்கே’ என்ற வாதம் செல்லாது.

நம் நாட்டில் டிப்ஸுக்கு எழுதிய சட்டம் எதுவும் இல்லை. கொடுக்காவிட்டால் குற்றமும் இல்லை. கொடுக்க நினைப்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் அளவு இது. டவுனுக்குள், கிட்டத்தில், நல்ல வெயிலில் என்றால் 50 முதல் 100 ரூபா போதும். 1,460க்கு 1,500 கொடுத்து மிச்சத்தை விடுவதும் சரிதான். ஏற்றமும் தோட்ட ரோட்டும் என்றால் 150 முதல் 200. மழை, பனிமூட்டம், இரவு ஒன்பதுக்கு மேல் என்றால் அதற்கு மேலே ஒரு நூறு. இரண்டு ஆள் தூக்கும் அளவு சாமான் வந்தால் உங்கள் மனசு. ஏப்ரல் மாத நுவரெலியா நெரிசலிலும், பெரஹெர நாட்களில் ரோட்டை மூடும் கண்டியிலும் தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள். 2 கிலோமீற்றருக்கு முக்கால் மணி எடுத்திருப்பார்.

வாசலிலிருந்து கீழே ரோட்டுக்கோ, கோயிலடிக்கோ, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கோ நீங்களே இறங்கி வந்து வாங்கிக்கொண்டால் 50 ரூபா கொடுத்தாலும் அவர் சந்தோசமாகத்தான் போவார். ஈரப் படியில் ஹெல்மட்டோடு எண்பது படி ஏறுவது என்றால் சும்மாவா? தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லி டிவிசனைச் சொல்லாமல் விடுவது இன்னொரு வழமையான பிழை. மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்கும் இடையில் அரை மணி நேரம் போய்விடும். கேட்டில் வாச்சர் நிற்கும் தோட்டம் என்றால் அவருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காசு கை மாறும் அந்த நிமிடம்

மங்கலான வெளிச்சத்தில், மழையில், குளிரில் விறைத்த விரலோடு எண்ணும்போதுதான் பிழை வரும். நனைந்த 1,000 ரூபா தாள் இரண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நம் தாள்களில் மதிப்புக் கூடக்கூட நீளம் கூடுகிறது, அகலம் மாறுவதில்லை. இருட்டில் சந்தேகம் வந்தால் இரண்டு தாளை அடுக்கிப் பாருங்கள். மத்திய வங்கியின் 75ஆவது ஆண்டு நினைவாக 2025இல் வந்த 2,000 ரூபா தாள் இன்னும் சிலருக்குப் பழகவில்லை. அதுவும் செல்லுபடியாகும் காசுதான். வாங்க மறுக்க வேண்டாம், ஆனால் வேறு தாளோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

ஆகவே முதலில் ரைடரை லைட்டுக்குக் கீழே கூப்பிடுங்கள். தாளை வாயால் சொல்லிக் கொடுங்கள்: ‘இந்தாங்க, ரெண்டாயிரம்.’ அவர் மிச்சத்தை எண்ணித் தரும்வரை அந்தத் தாள் இரண்டு பேருக்கும் தெரியும்படி வெளியிலேயே இருக்கட்டும். மிச்சம் சரியாகி முடிந்தபிறகு டிப்ஸைத் தனியாகக் கொடுங்கள். பில் காசோடு டிப்ஸைச் சேர்த்து மடித்துத் திணித்தால் எது பில், எது சந்தோசக் காசு என்று கேஷியர் முன்னால் அவருக்கே குழப்பம் வரும். சின்னப் பிள்ளையிடம் 5,000 தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மிச்சம் குறைந்தது என்று பிறகு சண்டை போடவும் வேண்டாம்.

கிழிந்து டேப் ஒட்டிய தாளை டிப்ஸாகத் தள்ளிவிடுவது மரியாதை இல்லை. பாவனையில் பழுதான தாளை வங்கியில் மாற்றலாம். வேண்டுமென்றே கிறுக்கியோ வெட்டியோ பழுதாக்கிய தாளுக்கு மத்திய வங்கி பெறுமதி கொடுப்பதில்லை. அதை வாங்கிய ரைடர் கடையிலும் ஏச்சு வாங்குவார். 2 ரூபாக் குற்றிகளை அள்ளிப் போடுவதும் அதே கணக்குத்தான். 10 ரூபாக் குற்றி பத்தைப் பேப்பரில் சுற்றி ‘நூறு இருக்கு’ என்று கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அடுத்த வீட்டில் மிச்சம் கொடுக்க உதவும்.

போனில் காசு போடுவது நல்ல வழி, சிக்னல் இருந்தால். பள்ளத்தில் உள்ள லயத்தில் ‘போட்டுட்டேன், பாருங்க’ என்றால் அவர் எதைப் பார்ப்பார்? முடிந்தால் சாப்பாடு வரும் முன்னாலேயே கடைக்குப் பணத்தைப் போட்டுவிட்டு, கிடைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனில் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டும் கடையின் லங்கா கியூ.ஆர். குறியீட்டில் டிப்ஸையும் சேர்த்துப் போட்டால் அது கடைக் கணக்குக்குத்தான் போகும். டிப்ஸைக் கையில் கொடுப்பதே சுலபம். மிச்சத்துக்குப் பதிலாக உங்கள் போனுக்கு ரீலோட் போட்டுவிடச் சொல்கிறீர்கள் என்றால் நம்பரை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

குளிருக்கு ஒரு பிளேன்டீ கொடுப்பது நம் ஊர் வழக்கம், நல்லதுதான். அவர் அவசரம் என்றால் பிடித்து உட்கார வைக்காதீர்கள்; தேத்தண்ணி டிப்ஸுக்குப் பதிலும் ஆகாது. கல்யாண வீட்டு உற்சாகத்தில் சரக்கு நீட்டுவது மட்டும் கூடவே கூடாது. அவர் அதே வளைவுகளில் இருட்டில் இறங்க வேண்டும்.

ரைடர்களுக்கும் ஒரு சொல். சில்லறை இருந்தும் ‘மிச்சம் இல்லக்கா’ என்று நின்றால் அந்த வீட்டில் அடுத்த முறை 20 ரூபாவும் கிடைக்காது. கடையை விட்டுக் கிளம்பும்போது 500 இரண்டு, 100 எட்டு, 50 நான்கு என்று 2,000 ரூபாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரு பக்கமும், வாங்கும் பில் காசை மறு பக்கமும், டிப்ஸை வேறொரு பொக்கட்டிலும் வையுங்கள்.

மிச்சம் பிழைத்தது பிறகுதான் தெரிந்தால், கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும், அன்றிரவே கடை மூடும் முன் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கேஷியர் கணக்கை முடித்தபிறகு அந்தக் காசு எந்தப் பில்லுக்குரியது என்று தேடுவது கஷ்டம்.