ஸ்கைரிமில் குவெஸ்ட்கள் குழம்பிப் போச்சா? ஒழுங்குபடுத்த ஒரு வழி

ஸ்கைரிம் 2011இல் வந்த கேம். ஆனாலும் கொழும்பில் எனக்குத் தெரிந்த பெடியன்கள் இன்னும் அதைப் புதிதாகத் தொடங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழைய மெஷினிலும் ஓடும், விலைக்கழிவு நேரத்தில் மலிவாகவும் கிடைக்கும். முதல் சில மணித்தியாலம் நன்றாகப் போகும். அப்புறம் கடைக்காரர் காணாமல்போன பொருளைத் தேடித் தரச் சொல்வார், சத்திரக்காரர் கொள்ளையர் கூட்டத்தைப் பற்றிச் சொல்வார், வழியில் ஒருவன் ஓடிவந்து கடிதம் நீட்டுவான். இடையில் சாதாரண தரப் பரீட்சை வந்து ஒரு மாதம் விட்டுவிட்டுத் திரும்பினால் முடிந்தது கதை. யார், எதற்காக, எங்கே போகச் சொன்னார்கள் என்று ஒன்றும் பிடிபடாது.

இப்படி ஏற்கிற வேலைகளைத்தான் குவெஸ்ட் என்பார்கள். கேமிலேயே குவெஸ்ட் பட்டியல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒற்றை வரியில் சொல்லும், அவ்வளவுதான். எதை எதோடு சேர்த்துச் செய்தால் அலைச்சல் குறையும் என்பதை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை: எல்லா அம்பையும் அணையுங்கள்

கணினியில் ஜே விசையை அழுத்தினால் ஜேர்னல், அதாவது அந்தக் குவெஸ்ட் பட்டியல், திறக்கும். இடப்பக்கம் குவெஸ்ட் பெயர்கள், வலப்பக்கம் விளக்கமும் அடுத்த வேலையும். பெயர் ஒன்றின் மேல் கிளிக் செய்தால் அது செயலில் வரும், மறுபடி கிளிக் செய்தால் அணையும். செயலில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் திரையின் மேலே உள்ள திசைகாட்டிப் பட்டையில் ஓர் அம்பு தோன்றும். எல்லா அம்பும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நாலைந்து சேர்ந்துவிட்டால் எது எதற்கு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். குவெஸ்ட் அழிந்து போகாது, பயப்பட வேண்டாம். அம்பு மட்டும்தான் மறையும்.

பிறகு: இடத்தை வைத்துப் பிரியுங்கள்

ஜேர்னலில் ஒரு குவெஸ்டைத் தெரிவுசெய்து எம் விசையை அழுத்தினால் அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போங்கள். ஆறுதலாகச் செய்ய வேண்டிய வேலை இது. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறவர் ஒரு சாமானுக்காக மட்டும் போவாரா? அந்தப் பக்கத்து வேலை நாலையும் சேர்த்து முடித்துக்கொண்டுதானே வருவார்.

தொடக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் ஒன்று வருகிறது. ரிவர்வூட் என்ற சின்ன ஊரில் லூகன் என்கிற கடைக்காரர், களவுபோன தங்க நகம் ஒன்றை மீட்டுத் தரச் சொல்வார். திருடன் ஓடிப் பதுங்கியது ஊருக்கு மேலே மலையில் இருக்கும் பிளீக் ஃபோல்ஸ் பேரோ என்ற பழைய கல்லறையில். உடனே மலையேறத்தான் மனம் வரும். கொஞ்சம் பொறுங்கள். பிரதானக் கதை உங்களை வைட்ரன் நகருக்கு அனுப்பும். அங்கே கோட்டையில் இருக்கிற மந்திரவாதி ஃபாரெங்கார் ஒரு கல்லை எடுத்துவரச் சொல்வார். அந்தக் கல்லும் அதே பிளீக் ஃபோல்ஸ் பேரோவில்தான் கிடக்கிறது.

எனவே லூகனிடம் கதைத்துவிட்டு வைட்ரன் போங்கள். இரண்டு குவெஸ்டும் கையில் வந்ததும் அவை இரண்டை மட்டும் செயலில் வைத்து மலையேறுங்கள். இறங்கும்போது ரிவர்வூட்டில் நகத்தைக் கொடுத்துவிட்டு, வைட்ரனில் கல்லைக் கொடுங்கள். ஒரே பயணத்தில் இரண்டு கணக்கும் தீர்ந்துவிடும். முதலிலேயே மலையேறிக் கல்லை எடுத்துவிட்டவர்களும் கவலைப்பட வேண்டாம். ஃபாரெங்கார் கேட்கும்போது கையில் இருப்பதைக் கொடுக்கலாம்.

உள்ளே போனால் இன்னொன்றும் புரியும். திருடனிடம் ஒரு குறிப்பேடு கிடைக்கும், அதை வாசிக்காமல் விடாதீர்கள். பின்னால் வரும் வட்டக் கதவைத் திறக்கிற வழி உங்கள் உள்ளங்கையில் என்று அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. பொருட்பட்டியலில் நகத்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், விளங்கும். இப்படிப்பட்ட விசயங்களை அம்பு காட்டாது.

சில்லறை வேலைகளும் தீராத வேலைகளும்

பட்டியலில் மிஸலேனியஸ் என்ற தலைப்பின் கீழ் 'இன்னாரிடம் கதை', 'இன்ன இடத்துக்குப் போ' என்று வரிவரியாக நிற்கும். அதற்கென்று தனியாகப் புறப்பட வேண்டாம். போகிற வழியில் வந்தால் முடியுங்கள், இல்லாவிட்டால் கிடக்கட்டும்.

தீராத வேலைகள்தான் புதியவர்களைக் கவிழ்ப்பவை. கம்பானியன்ஸ் என்ற போர்வீரர் கூட்டத்தார் தருகிற சின்ன வேலைகளும், சத்திரக்காரர்கள் தருகிற கொள்ளையர் வேட்டையும் ஒன்று முடிய இன்னொன்று என்று கேமே உருவாக்கித் தருபவை. அவற்றுக்கு முடிவு கிடையாது. ஏற்றுக்கொண்ட குவெஸ்டைப் பட்டியலிலிருந்து நீக்கவும் பெரும்பாலும் வழியில்லை. பட்டியலைக் காலியாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று நினைப்பவர்கள் இதில் மாட்டிக்கொண்டால் மீளவே மாட்டார்கள். காசு தேவைப்பட்டால் ஒன்றை எடுங்கள், முடித்துவிட்டு வாருங்கள்.

ஒரு கொப்பி வையுங்கள்

பழைய சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். பக்கத்துக்கு ஓர் ஊர். வைட்ரன் என்று தலைப்பு, அதன் கீழ் அந்த ஊரில் ஏற்ற வேலைகள். ஒவ்வொன்றுக்கும் யார் கேட்டார், ஏன் கேட்டார், யாரிடம் திரும்பிப் போக வேண்டும் என்று மூன்றே விசயம். இப்படி:

'லூகன், ரிவர்வூட் கடை. தங்க நகம் களவு. மலைக்கு மேலே. அவரிடமே கொடு.'

'சத்திரக்காரர். கொள்ளையர் தலைவன். காசு தருவது இவர் இல்லை, கோட்டையில் இருக்கிற நிர்வாகி.'

இரண்டாவது வரியில் எழுதியதைத்தான் ஒரு மாதம் கழித்து வரும்போது மறந்திருப்பீர்கள். நிறுத்துவதற்கு முன்னால் கடைசியாக ஒரு வரி: 'இப்போது நிற்கிற இடம், அடுத்து செய்யப் போவது.' கொப்பி பிடிக்காதவர்கள் ஸ்டீம் என்ற கேம் தளத்தில் விளையாடினால் ஷிஃப்டையும் டாப்பையும் சேர்த்து அழுத்துங்கள். மேலே வருகிற திரையில் குறிப்பெழுதும் வசதி இருக்கிறது. எனக்கென்னவோ கொப்பிதான் பிடிக்கும், கறண்ட் போனாலும் வாசிக்கலாம்.

கறண்ட் என்றதும் இன்னொன்று. எஃப்5 அழுத்தினால் விரைவுச் சேமிப்பு ஆகும், ஆனால் அது முந்தையதன் மேலேயே எழுதிக்கொண்டு இருக்கும். குவெஸ்ட் ஒன்றில் தலையிடுவதற்கு முன்னால் மெனுவுக்குப் போய்ப் புதிதாக ஒரு சேமிப்புப் போடுங்கள். வீட்டில் தம்பியும் அதே மெஷினில் விளையாடினால் இருவரும் வேறு வேறு பெயரில் பாத்திரம் உருவாக்குவது குடும்பச் சமாதானத்துக்கு நல்லது.

வேறு கேம் என்றால்

2015இல் வந்த விட்சர் 3 ஒரு நேரத்தில் ஒரு குவெஸ்டைத்தான் பின்தொடர விடும். ஒவ்வொன்றுக்கும் எந்த லெவலில் போகலாம் என்றும் எழுதியிருக்கும். பெயருக்குப் பக்கத்தில் பார்த்து, உங்கள் லெவலுக்கு மிக மேலே இருப்பதைத் தள்ளிவையுங்கள். பிரதானக் கதையில் ஐல் ஒஃப் மிஸ்ட்ஸ் என்ற தீவுக்குப் புறப்பட்டுவிட்டால் அதற்கு முன்பு முடிக்காத சில பக்கக் குவெஸ்ட்கள் தோற்றுப் போகும். ஆகவே அங்கே படகேறுவதற்கு முன்னால் பட்டியலை ஒரு தடவை பாருங்கள்.

எல்டன் ரிங் (2022) இதற்கு நேர்மாறு. குவெஸ்ட் பட்டியலே கிடையாது. ஒருவர் சொன்னதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும், அவர் அடுத்த முறை வேறிடத்தில் நிற்பார். வெளிவந்த சில வாரங்களில் ஒரு திருத்தத்தில், சந்தித்தவர்களின் சின்னமும் பெயரும் வரைபடத்தில் பதியும்படி செய்தார்கள். ஆனால் அவர் என்ன சொன்னார் என்பது அதில் இருக்காது. அங்கே கொப்பியில் ஊர்வாரியாக எழுதி ஒன்றும் ஆகாது, ஆளுக்கொரு பக்கம் போடுங்கள். யாராவது வாயைத் திறந்தால் எஃப்12 அழுத்தி ஸ்டீமில் திரையைப் படம் பிடித்துவிடுங்கள். அந்த வசனம் இரண்டாம் தடவை வராமலும் போகலாம்.